சைலன்சர் மாற்றியபின் பைக் சத்தம் தாங்க முடியவில்லை. பழையதை மாட்டாமலே குறைக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, கொஞ்சம். நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்கு இல்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருடமும், ஆறாயிரம் ரூபாய்க்கு மேலும், ஒரு நல்ல ஸ்வெட்டரும் செலவாயின.

கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் நீங்கள் மாற்றி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. முதல் வாரம் பாலத்துக்கு அடியில் போகும்போதெல்லாம் வேண்டுமென்றே முறுக்கியிருப்பீர்கள். இப்போது பக்கத்து வீட்டில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். பழையதைத் திரும்ப மாட்டினால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும் என்று நடுவில் ஒரு வழி தேடுகிறீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நானும் இதே கேள்வியோடு அலைந்தவன்தான்.

நான் மெக்கானிக் இல்லை. கோத்தகிரிப் பக்கம் வீடு, மேட்டுப்பாளையத்தில் ஒரு உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். காலையில் 33 கிலோமீட்டர் இறக்கம், சாயங்காலம் அதே 33 ஏற்றம். வண்டி 2014 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற பாகம்) வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதில் 'ஷார்ட் பாட்டில்' மாட்டினேன். புல்லட் வைத்திருப்பவர்களுக்கு அது என்னவென்று தெரியும். மற்றவர்களுக்கு: உள்ளே பெரிதாக ஒன்றுமே இல்லாத ஒரு குட்டைக் குழாய். உங்களுடையது பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டி என்றால், புகைக்குழாயிலேயே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும், பெட்ரோல் கலவையைச் சரிபார்க்க உதவும் ஆக்சிஜன் சென்சாரும் இருக்கும். அதைக் கழற்றிப் போட்டிருந்தால் நான் சொல்வதில் பாதிதான் உங்களுக்கு ஒத்துவரும்.

முதலில் கேஸ்கெட்டைப் பாருங்கள். செலவு ரொம்பக் குறைவு, ஆனாலும் யாரும் இதைச் செய்வதில்லை. பெண்ட் பைப், அதாவது சைலன்சருக்குப் போகிற வளைந்த குழாய், இன்ஜினில் வந்து சேரும் இடத்தில் ஒரு வளையம் இருக்கும், அதுதான் கேஸ்கெட். சைலன்சர் மாற்றுகிறவர்கள் பழைய வளையத்தையே போட்டு முடுக்கிவிடுவார்கள். வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, தடிமனான ஈரத்துணியால் சைலன்சர் வாயை ஒரு நொடி மூடிப் பாருங்கள். எங்காவது 'புஸ்' என்று கேட்டால் அங்கே லீக். அந்த இடத்தில் கரியும் படிந்திருக்கும். எனக்கு இரண்டு இடத்தில் இருந்தது. புது வளையம் போட்டதும் அந்தத் தகர ஓசை நின்றது. சத்தம் நிற்கவில்லை.

அடுத்து டிபி கில்லர். சைலன்சர் வாய்க்குள் செருகி ஒரே ஒரு போல்ட்டில் நிறுத்துகிற சின்னக் குழாய். வாயைக் குறுக்குகிறது, அவ்வளவுதான். போன் ஆப்பில் அளந்து பார்த்தேன் (ஆப் துல்லியமில்லை என்று சொல்ல வராதீர்கள், முன்னே பின்னே ஒப்பிட அது போதும்). நாலைந்து டெசிபல் குறைந்தது. டெசிபல் கணக்கில் பத்து குறைந்தால்தான் காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும். நாலைந்து என்பது வண்டிக்காரனுக்கு மட்டும் தெரிகிற வித்தியாசம். அதுவும் எத்தனை நாள்? பன்னிரண்டு நாள். குஞ்சப்பனை தாண்டி இறங்கும்போது போல்ட் கழன்று, துப்பாக்கியிலிருந்து போன மாதிரி போய்விட்டது. பின்னால் யாரும் வராதது என் அதிர்ஷ்டம்.

அப்புறம் பஞ்சு. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அடைத்தால் போதும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அடைத்தேன். இரண்டாம் நாள் ராத்திரி ஏற்றத்தில் சைலன்சர் தீப்பொறியாகத் துப்பியது. தேயிலைக்கு நடுவே கார்த்திகை தீபம். அதற்குப் பிறகுதான் முறையாக ரிவெட்டைத் துளைத்து எடுத்து, உள்ளே இருக்கும் ஓட்டைக் குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு சுற்றினேன். ஸ்வெட்டர் போனது அப்போதுதான். அந்தப் பஞ்சின் தூள் கம்பளியில் ஏறிவிட்டால் எத்தனை துவைத்தாலும் போகாது. கழுத்தெல்லாம் அரிப்பு. வீட்டில் அதைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயமே புரிந்தது. பஞ்சு விழுங்குவது மேல் சத்தத்தை, அந்தக் கரகரப்பை. 'டம் டம்' என்ற அடிச்சத்தத்தை அது தொடுவதே இல்லை. அதைக் கொல்லக் கம்பெனி சைலன்சருக்குள் அறை அறையாகத் தடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு அறையில் மோதித் திரும்பும் அலை அடுத்து வரும் அலையை அமுக்கும். அந்த வேலையைப் பஞ்சால் செய்ய முடியாது. சுவரைத் தாண்டி, பள்ளத்தைத் தாண்டி எதிர்மலை வரைக்கும் போவது அந்த அடிச்சத்தம்தான். சீட்டில் உட்கார்ந்து கேட்டபோது எனக்கு நன்றாகவே குறைந்திருந்தது. எதிர்மலையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை.

இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் 'டப் டப்' என்று வெடிக்கிறதா? அது பெட்ரோல் கலவை மெலிந்து போவதால் வருவது, லீக் இருந்தால் இன்னும் மோசம். மலையில் இன்னொரு தொல்லை உண்டு. உயரத்தில் காற்று மெலிசு, கார்புரேட்டரில் கலவை தானாகவே கெட்டியாகும். கோத்தகிரியில் மிக்சர் ஸ்க்ரூவை (கலவையைக் கூட்டிக் குறைக்கிற திருகு) சரி செய்தால் மேட்டுப்பாளையத்தில் வெடிக்கும். அங்கே சரி செய்தால் இங்கே கரும்புகை. இரண்டு ஊர் மெக்கானிக்கும் ஒருவரை ஒருவர் திட்டினார்கள், நான் இரண்டு பேருக்கும் பணம் கொடுத்தேன்.

பணம் என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மண்டிக் கணக்கனுக்கு எதற்குப் புல்லட் என்று சிலர் கேட்பீர்கள். எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை உண்டு, பச்சை இலைக்கு நல்ல விலை நின்ற ஒரு வருடத்தில் வாங்கிய வண்டி இது. அந்த விலை அப்புறம் நிற்கவே இல்லை. பறிகூலியும் உரமும் போக மிச்சம் என்னவென்று கணக்கெழுதுகிற எனக்கே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இதில் மழை நாளில் இலை ஈரமாக இருக்கிறதென்று மூட்டைக்கு இத்தனை கிலோ என்று கழிக்கிறார்கள். நீலகிரியில் இலை ஈரமாக இல்லாமல் எப்படி இருக்கும்? சரி, விடுங்கள்.

நான் கடைசியில் ஏன் ஒரிஜினல் சைலன்சருக்கே திரும்பினேன் என்பதுதான் நீங்கள் கேட்டதற்கு நிஜமான பதில். டிசம்பர் மாதம், காலை ஆறேகால். அந்தக் குளிரில் சோக் இழுத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டால்தான் வண்டி நிற்காமல் போகும். வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய்க் காப்பி குடிப்பேன். எங்கள் கீழ்வரிசையில் ஒரு பாட்டி, அறுபதைத் தாண்டியும் இலை பறிக்கப் போகிறவர். பனி மூட்டத்தில் தேயிலைக்குள் காட்டுமாடு நின்றால் கண்ணுக்குத் தெரியாது. செடி முறிகிற ஓசை, மூச்சை 'ஃபூம்' என்று விடுகிற ஓசை, இதை வைத்துத்தான் எங்கள் ஊரில் வழி நடப்பார்கள். அன்றைக்கு என் வண்டி டம் டம் என்று நிற்கிறது. பாட்டி பாதை திரும்பியிருக்கிறார், பத்தடியில் மாடு. அது இவரை முட்ட வரவில்லை, மிரண்டு மேலே தாவி ஓடியது. இவர் பின்னால் சாய்ந்து தண்ணீர்க் கால்வாய்க்குள் விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன், ஆட்டோவில். என்னைத் திட்டுவார் என்று காத்துக்கொண்டே இருந்தேன். மாவுக்கட்டு போட்டு வெளியே வந்ததும் சொன்னார்: "மாடு மூச்சு விட்டிருக்கும் சாமி. எனக்குத்தான் கேக்கல." என் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டார். இல்லை பாட்டி, என் வண்டி என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

காட்டுமாடு வந்ததற்கு நீ என்ன செய்வாய், சத்தம் கேட்டால் மாடு விலகித்தானே போகும் என்று யாராவது எழுதுவீர்கள். எங்கள் பக்கத்து மாடுகள் வண்டிச் சத்தத்துக்குப் பழகிவிட்டன, மனிதரைப் பத்தடியில் பார்த்தால்தான் மிரளும். நம்பாவிட்டால் விடிகாலையில் வந்து நடந்து பாருங்கள்.

அந்த வாரமே ஒரிஜினல் தேடினேன். என்னுடையதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டிருந்தேன், முட்டாள்தனம். அதே மாதிரி ஒன்றைப் புதிதாக வாங்க ஷார்ட் பாட்டிலைவிட இரண்டு மடங்கு ஆனது. நீங்கள் உங்கள் ஒரிஜினலை இன்னும் எடைக்குப் போட்டிருக்காவிட்டால் தயவுசெய்து போடாதீர்கள், எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வையுங்கள். போலீஸ் விஷயமும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டியை மாற்றியமைத்ததற்கு 5,000 ரூபாய், சத்தத்துக்கு 10,000 வரை அபராதமும் லைசென்ஸ் மூன்று மாதம் முடக்கமும் உண்டு. என்னை ஒரே ஒரு முறைதான் நிறுத்தினார்கள், அதுவும் வேறு காரணத்துக்கு. வெளிமாநில வண்டிகள் பத்துப் பதினைந்து சேர்ந்து மலையையே உலுக்கிக்கொண்டு ஏறும்போது யார் நிறுத்துகிறார்கள் என்று கேட்டால் அது நீளும்.

பஞ்சு சுற்றிய அந்த ஷார்ட் பாட்டில் இன்னும் விறகுக் கொட்டகையில்தான் கிடக்கிறது. காலேஜ் பையன் ஒருவன் எண்ணூறு ரூபாய்க்குக் கேட்டான், கொடுக்கவில்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும், பொய் சொல்வானேன்.

உங்கள் வண்டி எந்த வருட மாடல், கார்புரேட்டரா எஃப்ஐயா (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்), ஒரிஜினல் கையில் இருக்கிறதா என்று எழுதுங்கள். அதற்குள் அந்தக் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிவிடுங்கள்.