பீரோவில் அந்துருண்டை வேண்டாம்

கேள்வி: பிறந்த மூன்றாம் நாளே மஞ்சள்காமாலை என்று என் மகனை நீல விளக்கில் வைத்தார்கள். ஜி6பிடி (குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ்) நொதி குறைவாம். அது சர்க்கரை சம்பந்தப்பட்டது என்கிறார்கள். பின்னால் சர்க்கரை நோய் வருமா? வீட்டில் அந்துருண்டை வைக்கக் கூடாது என்கிறாரே டாக்டர், ஏன்?
– ஓர் இளம் தாய், திண்டுக்கல்

பதில்: இது சர்க்கரை நோய் அல்ல. வளர்ந்ததும் மற்றக் குழந்தைகளைப் போலவே இனிப்பு கொடுக்கலாம்.

உயிரணுவுக்குள் போகும் குளுக்கோஸில் பெரும்பகுதி சக்திக்காகச் செலவாகிறது. கொஞ்சம் மட்டும் பென்டோஸ் பாஸ்பேட் பாதை என்ற கிளைவழியில் திரும்பும். டிஎன்ஏவுக்கு வேண்டிய ரைபோஸ் சர்க்கரையும், என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறும் அங்கே கிடைக்கின்றன. அந்தப் பாதையின் முதல் படியை நடத்துவது ஜி6பிடி. மற்ற அணுக்களுக்கு என்ஏடிபிஎச் தயாரிக்க வேறு வழிகள் உண்டு. அணுவின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணுவுக்கு இது ஒன்றே கதி. குளூட்டாதயோன் என்ற காவல் பொருளை என்ஏடிபிஎச்தான் வேலைசெய்யும் நிலையில் வைத்திருக்கிறது. அது தீர்ந்தால் ஹீமோகுளோபின் திரிந்து கட்டிக்கொள்ளும், அணு உடையும், காமாலையும் வரலாம்.

அந்துருண்டையிலுள்ள நாப்தலீன் அப்படித் தீர்த்துவிடும் பொருள். நம் வீடுகளில் பச்சைக் குழந்தையைச் சுற்றப் பழைய வேட்டியைத்தானே பீரோவிலிருந்து எடுப்போம்? நெடி அதில் ஊறியிருக்கும். எண்ணெய் தேய்த்த உடம்பில் நாப்தலீன் இன்னும் சுலபமாக இறங்கும். ஆகவே உருண்டைகளை வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். துணிகளை நன்றாகத் துவைத்து வெயிலில் காயவைத்த பிறகே குழந்தைக்குப் பயன்படுத்துங்கள்.

இந்தக் குறைபாட்டை 1956இல் கண்டுபிடித்தது சிகாகோ ஆய்வாளர்கள். அமெரிக்கச் சிறைக் கைதிகளுக்கு மலேரியா மருந்தான பிரைமாக்வினைக் கொடுத்துப் பார்த்தபோது சிலருக்கு மட்டும் சிவப்பணுக்கள் உடைந்தன. அவர்கள் பட்ட பாட்டில்தான் இன்று உங்கள் மகனுக்கு எச்சரிக்கை கிடைத்திருக்கிறது. பிரைமாக்வின், டாப்சோன், நைட்ரோஃபுரான்டோயின் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் குறைபாட்டைச் சொல்லுங்கள். பாலூட்டும் நீங்களும் கேட்காமல் மாத்திரை போடாதீர்கள்.

உணவில் விலக்க வேண்டியது ஃபாவா பீன்ஸ். நம் ஊர் மொச்சை வேறு செடி. மொச்சைக் குழம்பை நிறுத்த வேண்டாம்.

சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, குழந்தை வெளிறிச் சோர்ந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். அந்த நேரத்தில் எடுக்கும் ஜி6பிடி சோதனை ‘நார்மல்’ என்று வரக்கூடும். முதிர்ந்த அணுக்கள் உடைந்துபோய், நொதி சற்று அதிகமுள்ள இளம் அணுக்களே மிஞ்சியிருப்பதால் வரும் குழப்பம் அது. கையில் இருக்கும் பழைய ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்.