ட்ரேல உக்காந்து முக்குறான், ஒண்ணும் வரலை: செல்லங்களுக்கான கேள்வி பதில்

கேள்வி: எங்க ஆண் பூனைக்கு நாலு வயசு. நேத்து சாயங்காலத்துல இருந்து மண் ட்ரேக்குப் போறதும் வர்றதுமாவே இருக்கான், உக்காந்து முக்குறான், கத்துறான், ஒண்ணும் வரலை. மலச்சிக்கலா இருக்கும், கொஞ்சம் எண்ணெய் குடுக்கலாமா?

பதில்: உங்க கடிதம் கைக்கு வந்த உடனே போன் பண்ணி சொல்லிட்டேன், மத்தவங்களுக்கும் தெரியணும்னுதான் இங்கயும் எழுதுறேன். எண்ணெய் வேணவே வேணாம். ட்ரே மண்ணைக் கிளறிப் பாருங்க, மூத்திரம் போன ஈரக்கட்டி ஒண்ணுகூட இல்லைன்னா அது மூத்திர அடைப்பா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் ரொம்பக் குறுகல், பொடிப்பொடியா சேர்ற கிரிஸ்டலும் சளி மாதிரி கசடும் அதுல போய் அடைச்சுக்கும். அடைச்சிட்டா வெளிய போக வேண்டிய பொட்டாசியம் ரத்தத்துல ஏறி இதயத்தையே நிறுத்திடும், அதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் போதும். அடிப்பக்கத்தை நக்கிக்கிட்டே இருக்கிறது, வாந்தி, சோர்ந்து மூலையில படுக்கிறது எல்லாம் இதோட அறிகுறிதான். வயித்தை அமுக்கிப் பாக்காதீங்க, மூத்திரப்பை வெடிச்சிரலாம். ராத்திரின்னாலும் காலையில போகலாம்னு இருக்காம கிளம்பிடுங்க. மயக்கம் குடுத்து ட்யூப் போட்டு எடுத்துவிடுவாங்க, சீக்கிரம் போனா பெரும்பாலும் பொழைச்சுக்கும். திரும்பவும் வரக்கூடிய பிரச்சனைங்கிறதால அப்புறம் ஈரமான சாப்பாடு, ரெண்டு மூணு இடத்துல தண்ணி, பூனை எண்ணிக்கையைவிட ஒரு ட்ரே கூட, இதெல்லாம் பழக்கிடுங்க.

கேள்வி: நாய் உடம்பு சுடுது, மூக்கும் காஞ்சிருக்கு. பாராசிட்டமால் பாதி மாத்திரை குடுக்கலாமா?

பதில்: நாய்க்கு நார்மல் டெம்பரேச்சரே 101லேருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், அதனால நம்ம கைக்கு எப்பவும் சூடாத்தான் தெரியும். தூங்கி எழுந்தா மூக்கும் காஞ்சிருக்கும், அதை வெச்சு காய்ச்சல்னு சொல்ல முடியாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில கொஞ்சம் வாசலின் தடவி ஆசனவாயில வெச்சுப் பாருங்க, 103க்கு மேல இருந்தா காய்ச்சல். அப்படியே காதுக்குள்ள, விரல் இடுக்குல உண்ணி இருக்கான்னும் பாருங்க. உண்ணி மூலமா வர்ற எர்லிக்கியா காய்ச்சல்ல ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு கொறைஞ்சு மூக்குல ரத்தம் வரும், ஈறு வெளுத்துப் போகும். ரத்த டெஸ்ட் எடுத்து மருந்து ஆரம்பிச்சா நல்லா கேக்கும், ஆனா நாலு வாரம் போல தொடர்ந்து குடுக்கணும், ரெண்டு நாள்ல துள்ளிக் குதிக்குதேன்னு பலபேர் நிறுத்திடுறாங்க, தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க.

மாத்திரை விஷயம், டாக்டர் எடை பாத்து சொல்லாம எதுவும் வேணாம். ஐபுப்ரோஃபென் நாய்க்கு குடல்ல புண்ணாக்கி கிட்னியையும் கெடுக்கும். வீட்ல பூனையும் இருந்தா இன்னும் ஜாக்கிரதை, பாராசிட்டமாலை உடைச்சு வெளியேத்துற சக்தி பூனை ஈரலுக்கு ரொம்பக் கம்மி, ஒரே ஒரு மாத்திரை உசிரை எடுத்துடும். நாய்க்கு கழுத்துல ஊத்துற உண்ணி மருந்துல பெர்மெத்ரின் இருந்தா அதையும் பூனைக்குப் போடாதீங்க, வலிப்பு வந்துடும்.

கேள்வி: ஏழு வயசு பொட்டை நாய், கருத்தடை பண்ணலை. ஹீட் (இணை சேர்ற பருவம்) முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு, இப்போ தண்ணியா குடிக்குது, சாப்பாடு வேணாங்குது.

பதில்: கர்ப்பப்பையில சீழ் கட்டியிருக்கலாம், பயோமெட்ரான்னு சொல்வாங்க, ஹீட் முடிஞ்ச சில வாரத்துலதான் இது அதிகமா வரும். பின்பக்கம் சீழ் வடியலையேன்னு நிம்மதியா இருக்காதீங்க, வடியாம உள்ளேயே நிக்கிறதுதான் ரொம்ப ஆபத்து. இன்னிக்கே ஸ்கேன் எடுங்க, அதுவா இருந்தா பெரும்பாலும் ஆபரேஷன்தான். சுகர், கிட்னி பிரச்சனையிலயும் இப்படி தண்ணி குடிக்கும், அதனால ரத்த டெஸ்ட்டும் கேளுங்க. அதிகமா குடிக்குதேன்னு தண்ணிக் கிண்ணத்தை மட்டும் எடுத்து வெச்சிராதீங்க.