காட்டுத்தீ பத்தி கேளுங்க: யெல்லோஸ்டோன் எரிஞ்சப்புறம் என்ன ஆச்சு?

வணக்கம் மக்களே. நான் காட்டுச் சூழலியல் படிச்சவ, எனக்குப் பிடிச்ச ஆராய்ச்சி ஒண்ண வச்சு இன்னிக்குக் கேள்வி பதில். அமெரிக்காவுல யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா 1988 கோடைல மூணுல ஒரு பங்குக்கு மேல தீயில மாட்டிச்சு. விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியை மோனிகா டர்னர் அந்தத் தீக்கு அப்புறம் காடு என்ன ஆகுதுன்னு முப்பது வருஷத்துக்கு மேல பார்த்துட்டு வர்றாங்க. சரி, கேளுங்க.

கதிர்: அவ்ளோ எரிஞ்சா காடே முடிஞ்சிருக்குமே அக்கா? மரம் நட்டாங்களா?

நடல தம்பி, தானாத்தான் வந்துச்சு. அங்க அதிகமா இருக்கறது லாட்ஜ்போல் பைன்னு ஒரு ஊசியிலை மரம். அதுல நிறைய மரத்தோட கூம்பு பிசின்ல சீல் வச்ச மாதிரி இறுக மூடியே இருக்கும், வருஷக்கணக்குல கிளையிலயே தொங்கும், கையால பிரிக்கப் பார்த்தா நகந்தான் பேரும். தீ வந்து சூடேறி பிசின் உருகினாத்தான் செதில் விரியும், றெக்க வச்ச குட்டி விதை சாம்பல் மேல கொட்டும், நிழல் இல்ல போட்டி இல்ல வெயில் நேரா அடிக்குது, வேற என்ன வேணும் அதுக்கு. சில இடத்துல நடக்கவே முடியாத அளவுக்கு நெருக்கமா முளைச்சுது. அதவிட ஆச்சரியம் ஆஸ்பென்ங்கற இலை மரம், அந்தப் பக்கம் அது வேர்லேர்ந்து தான் கிளைக்கும்னு நினைச்சிட்டிருந்தாங்க, எரிஞ்ச மண்ணுல பார்த்தா விதைக் கன்னு!

இன்னொண்ணு, தீ எல்லா இடத்தையும் ஒரே மாதிரி எரிக்கல. ஒரு பக்கம் கரி, பக்கத்துலயே சூட்டுல வெந்து பழுப்பான மரம், அதத் தாண்டினா பச்சை. மேலேர்ந்து பார்த்தா ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி இருக்கும்.

நிலா: மிருகமெல்லாம் பாவம் செத்திருக்கும்ல?

நம்ம பயப்படற அளவுக்கு இல்லம்மா. எல்க் மான் பல்லாயிரக்கணக்குல இருந்துச்சு, தீயில போனது சில நூறு தான், அதுவும் பெரும்பாலும் புகையில. ஆனா அதுக்கடுத்த குளிர்காலத்துல மேய ஒண்ணும் இல்லாம செத்தது அதவிட ரொம்ப அதிகம், ஏற்கனவே வறட்சி வேற. இன்னொரு பக்கம், சில வண்டு வெப்பத்த உடம்புலயே உணர்ந்து எரிஞ்ச காட்டத் தேடிப் பறந்து வரும், செத்த மரத்துல முட்ட போட. அந்தப் புழுவத் தின்ன மரங்கொத்தி வரும்.

ராஜா: மண்ணு செத்துப்போயிடாதா மேடம்

வேகமா ஓடற தீன்னா மேல தான் சூடு, சில சென்டிமீட்டர் கீழ வேரும் விதையும் பெரும்பாலும் தப்பிச்சிடும். விழுந்து கிடக்கற கட்ட மணிக்கணக்கா கனன்னா தான் அடி வரைக்கும் வேகும். ஆனா ஒரு விஷயம், எரிஞ்ச இடத்துல சாம்பல ஒதுக்கிட்டு ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க, சில சமயம் உள்ள இறங்காம முத்து மாதிரி உருண்டு நிக்கும். சருகுல இருக்கற மெழுகு ஆவியாகி கீழ இருக்கற குளிர்ந்த மண்ணுல படிஞ்சிடுது, அதான். அப்புறம் ஒரு நல்ல மழ பெஞ்சா போதும், சேறும் சாம்பலுமா ஆத்துக்குப் போயிடும்.

விக்கி: அப்போ தீ நல்லது தானே, ஏன் எல்லாரும் கத்துறாங்க 😄

இது தான் நான் எதிர்பார்த்த கேள்வி. நல்லதா கெட்டதான்னு கேக்கறதவிட எத்தன வருஷத்துக்கு ஒரு தடவன்னு கேளுங்க. அந்தக் காட்டுக்குப் பெருந்தீ 100லேர்ந்து 300 வருஷத்துக்கு ஒரு தடவ வந்தா பழக்கம், இடையில மரம் வளந்து கூம்பு சேத்து வச்சிடும். இளங்காடு அவ்வளவா எரியாதுன்னும் ஒரு நம்பிக்க இருந்துச்சு. ஆனா 2016ல அதே 1988 தீக்கு அப்புறம் முளைச்ச, 28 வயசுக் காடு திரும்ப எரிஞ்சுது, 2000ல எரிஞ்ச ஒரு இடம் வெறும் 16 வருஷத்துல. டர்னர் குழு போய்ப் பார்த்தா, சில இடத்துல கரிக்கட்ட கூட மிச்சமில்ல, மரம் முழுசா எரிஞ்சு அடிக்கட்ட மட்டும். கூம்பு சேக்க டைமே கிடைக்கல பாருங்க, புதுசா முளைச்ச கன்னு முன்னாடி இருந்ததுல ஆறுல ஒரு பங்கு தான்னு 2019ல எழுதினாங்க. சூடும் வறட்சியும் கூடக்கூட இந்த மாதிரி அடுத்தடுத்து எரியறது கூடும், எனக்குப் பயம் அதுல தான், ஒரு தடவ எரியறதுல இல்ல.

கதிர்: எரிஞ்ச மரத்த வெட்டி வித்துடலாமே?

மரங்கொத்தி எங்க போகும்? ரோட்டோரம் விழற மாதிரி நிக்கறத வெட்டட்டும், மத்தத விட்டுடலாம்னு தான் சொல்வேன்.

நிலா: கடைசியா ஒண்ணு, 1988 தீய எப்படி அணைச்சாங்க?

கோடை முழுக்க ஆயிரக்கணக்கான வீரங்க, ஹெலிகாப்டர், ராணுவம்னு எல்லாம் இறங்கினாங்க, ஊர், கட்டடமெல்லாம் பெருசா தப்பிச்சது அவங்களால தான். ஆனா தீ அடங்கினது செப்டம்பர் 11 லேசா மழையும் பனியும் விழுந்தப்புறம் தான், அப்பவும் அங்கங்க நவம்பர் வரைக்கும் புகைஞ்சிட்டே இருந்துச்சு.