நாள் கணக்கும் பாரக் கணக்கும்

அன்புள்ள ஐயா,

பாஸ்புக்கில் பேலன்ஸ், சைக்கிளில் பேலன்ஸ், யோகா வகுப்பில் பேலன்ஸ். இப்போது கடலுக்கும் பேலன்ஸ் என்கிறார்கள். எங்கள் பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்தாகிவிட்டது. நாட்டுப்படகுக்கு ஒரு நாள் கூடுதல்தான். இன்னமும் சமநிலை இல்லை என்று நாட்டுப்படகுக்காரர்கள் புலம்புவது நியாயமா?

ஒரு வாசகர், தொண்டி

அன்புள்ள நண்பருக்கு,

யோகாவை விட்டுவிடுவோம், அதைச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள்.

உங்கள் ஊர்ப் பக்கத்துப் பாய்மரப் படகுப் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். காற்று பாயை அழுத்த, படகு சாய்கிறது. உடனே ஆட்கள் காற்று வரும் பக்கம் நீட்டிய பலகையில் நகர்ந்து உட்காருகிறார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முதுகு அலையில் நனைய நனைய, நுனிவரை போகிறவரால்தான் படகு நிமிர்கிறது. அவரே நடுவில் உட்கார்ந்தால் வெறும் சுமை. காற்று தளர்ந்தால் உள்ளே வந்துவிட வேண்டும்; இல்லையென்றால் படகு அவர் பக்கமே கவிழும். அங்கே யாரும் தலையை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. 2025இல் திறந்த புதிய பாம்பன் பாலத்திலும், கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் தூக்குப்பகுதி ஏறும்போது கம்பிவடத்தின் மறுமுனையில் எதிர்எடை இறங்குகிறது. அதற்கும் பாரம்தான் கணக்கு.

நீங்களோ நாட்களை எண்ணுகிறீர்கள். விசைப்படகின் இழுவலை ஒரு நாளில் கடலடியை வாரி வருவதும், நாட்டுப்படகு ஒரு நாளில் வலை விரித்து எடுப்பதும் ஒன்றா? இழுவலையின் மடியில் இறாலோடு குஞ்சுமீனும் பெயர்ந்த கடற்புல்லும் சேர்ந்தே வருகின்றன. நாட்டுப்படகுக்காரர் மறுநாள் போவது அந்த மிச்சக் கடலுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை (2017க்கு முன் 45 நாள்) விசைப்படகைக் கரையில் கட்டிப்போடுகிறது, நாட்டுப்படகை விட்டுவிடுகிறது. இரண்டின் பாரமும் வேறு என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது.

விசைப்படகில் கூலிக்குப் போகிறவரை நான் குற்றம் சொல்லவில்லை. அவருக்கும் டீசல் செலவு கழிந்த பிறகுதான் பங்கு. பாஸ்புக் சங்கதியும் இப்படித்தான். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் அவருக்கே மீனைப் போட வேண்டும், அவர் சொல்வதே விலை. நோட்டில் பாக்கி மட்டும் எழுதியிருக்கும். விலையில் விட்டது எங்கும் எழுதியிருக்காது.

நாளோடு எஞ்சினின் குதிரைத்திறனையும் வலைக் கண்ணியின் அளவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போதும் மூன்றும் நான்கும் சரியாக வந்தால், புலம்பலை நிறுத்தச் சொல்லி நானே எழுதுகிறேன்.