ஆஞ்சியோ கிளியர், ஆனா அம்மாவுக்கு வலி போகல: பதில்

சகோ, அம்மாவுக்கு 54 வயசு, மாடி ஏறினா மூச்சு வாங்குது, தாடை முதுகெல்லாம் இழுத்துப் பிடிக்குது, ஆஞ்சியோல அடைப்பு இல்லன்னதும் டென்ஷன்னு சொல்லி அனுப்பிட்டாங்க, விட்டுடலாமான்னு கேட்டிருக்கீங்க. விடாதீங்க.

ஆஞ்சியோல நல்லா தெரியறது பெரிய ரத்தக்குழாய்ங்கதான், அதுலேர்ந்து பிரியற பொடிப்பொடி குழாய்ங்க சரியா விரியலன்னாலும் இதயத்துக்கு ரத்தம் பத்தாம இதே வலி வரும், படத்துல ஒண்ணும் தெரியாது, பொம்பளைங்களுக்குத்தான் இது ஜாஸ்தி. அமெரிக்காவுல 1996ல ஆரம்பிச்ச வைஸ்ங்கற ஆய்வு பெண்களை மட்டுமே வச்சு பண்ணது, இந்த விஷயம் வெளிச்சத்துக்கு வர அதுவும் ஒரு முக்கிய காரணம். அதுக்கு முன்னாடி 1980கள்ல ஆஸ்பிரின் மாரடைப்பை தடுக்குமான்னு அங்க பாத்த பெரிய ஆய்வுல 22,000 பேருக்கு மேல, ஒரு பொண்ணு கூட கிடையாது!

கார்டியாலஜிஸ்ட் கிட்ட மைக்ரோவாஸ்குலர் ஆஞ்சைனாவா (அந்தப் பொடிக் குழாய்ங்களால வர்ற நெஞ்சுவலி) இருக்குமா, ஸ்ட்ரெஸ் எம்ஆர்ஐ (இதயத்தை வேகமா வேலை செய்ய வச்சு ரத்த ஓட்டத்தை பாக்கற ஸ்கேன்) மாதிரி ஏதாவது பாக்கணுமான்னு நேரடியா கேளுங்க. அப்புறம் மாசமா இருந்தப்போ பிபி, சுகர் ஏறுச்சான்னு அம்மாகிட்ட விசாரிச்சுட்டு போங்க, 25 வருஷம் ஆனாலும் இதய நோய் ஆபத்துல அது கணக்குல வரும், டாக்டர் கேக்கலன்னாலும் நீங்களே சொல்லிடுங்க.

சும்மா உக்காந்திருக்கும்போதே வலி, குளிர்ந்து வேர்க்கறது, குமட்டல்னு வந்தா கேஸ்னு சோடா குடுத்துட்டு இருக்காதீங்க, உடனே 108. அம்மா மகளிர் குழுவுல இருக்காங்கன்னீங்களே, அங்கயும் இதை சொல்லச் சொல்லுங்க, சமையலை முடிச்சுட்டு பாத்துக்கலாம்னு தள்ளிப்போடறவங்கதான் அங்க பாதி பேர் இருப்பாங்க.