தம்பியின் நண்டுப் பணம், அக்காவின் பான் எண்

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை, மாதச் சம்பளம் 14,000. தம்பி நண்டு, கணவாய் வாங்கி ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கொடுக்கிறான். படகுக் கடன் பாக்கி இருக்கிறது. அவன் கணக்கில் பணம் விழுந்தால் பேங்க் எடுத்துக்கொள்ளும் என்று என் சேமிப்புக் கணக்கில் போடச் சொல்கிறான். வாரம் சுமார் 1,20,000 ரூபாய் விழுகிறது. 2025-26ல் நான் எடுத்துக் கொடுத்த ரொக்கத்துக்கு பேங்க் 50,000 ரூபாய் வரி பிடித்துவிட்டது. வரியே இல்லாத நான் வருமான வரி ரிட்டர்ன் போட வேண்டுமா?

பதில்: போட்டே ஆக வேண்டும். உங்கள் சம்பளம் வருஷத்துக்கு 1,68,000. விலக்கு 4 லட்சம். அதில் சிக்கல் இல்லை. சிக்கல் முழுக்க, கணக்கை இரவல் கொடுத்ததில்தான்.

மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் போக 43 வாரம், வாரம் 1,20,000 என்றாலே 51,60,000 உங்கள் கணக்கில் விழுந்திருக்கும். சேமிப்புக் கணக்குகளில் ஒரே வருஷத்தில் 50 லட்சமோ அதற்கு மேலோ வரவானால், வருமானம் எவ்வளவு குறைவானாலும் ரிட்டர்ன் கட்டாயம். பிடித்த வரி 25,000 எட்டினாலும் கட்டாயம். உங்களுக்கு இரண்டுமே பொருந்துகிறது.

அந்த 50,000 எப்படி வந்தது? மூன்று வருஷமாக ரிட்டர்ன் போடாதவர் 20 லட்சத்துக்கு மேல் ரொக்கம் எடுத்தால், மேலே போகும் தொகைக்கு 2% பிடிப்பார்கள். 45 லட்சம் எடுத்திருப்பீர்கள். 25 லட்சத்துக்கு 2%. ரிட்டர்ன் போட்டால் இது முழுதாகத் திரும்பி வரும். ஆனால் ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவத்தைப் போடாதீர்கள். ரொக்கம் எடுத்ததற்கு வரி பிடித்திருந்தால் அந்தப் படிவம் செல்லாது. ஐடிஆர்-2 போட வேண்டும். ஜூலை 31 கடைசி, தவறினால் 1,000 ரூபாய் தாமதக் கட்டணம். போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி கொடுத்து உறுதி செய்யாவிட்டால் போட்டது போடாததுதான்.

"ஆறு லட்சம் வருமானம் காட்டி ஐடிஆர் போட்டால் ஆப்பில் உடனே லோன்" என்று யாராவது ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். இல்லாத வருமானத்தை உங்கள் கையெழுத்தில் ஒப்புக்கொண்டு, தம்பிக்காக இன்னொரு கடனையும் சுமப்பீர்கள்.

நாளை அந்த 51 லட்சம் யாருடையது என்று நோட்டீஸ் வந்தால், கேள்வி உங்களுக்குத்தான். விளக்கம் இல்லாத பணத்துக்கு 4 லட்சம் விலக்கு கைகொடுக்காது. வரி விகிதமும் கடுமை. ஆகவே கம்பெனி பில்கள் தம்பி பெயரில் இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். வருமான வரித் தளத்தில் ஏஐஎஸ் அறிக்கையை (உங்கள் பான் எண்ணில் பதிவான வரவு செலவுப் பட்டியல்) இறக்கி, விற்பனை உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ரொக்கம் வாங்கிய தேதி, தொகை எழுதி தம்பியிடம் கையெழுத்து வாங்குங்கள். இனி நேரில் ரொக்கம் வேண்டாம்.

தம்பி எதற்குப் பயப்படுகிறார் என்றுதான் புரியவில்லை. பேங்க் வழி வரும் விற்பனையில் குறைந்தது 6% லாபம் காட்டலாம் என்கிற முறையில் அவர் வருமானம் சுமார் 3,10,000. உண்மை லாபம் அதிகமென்றால் அதைக் காட்ட வேண்டும். அப்போதும் 12 லட்சம் வரை தள்ளுபடி உண்டு, வரி பூஜ்யம். படகுக் கடனுக்கு அவரே பேங்க் மேனேஜரைப் பார்த்துத் தவணையை மாற்றிக் கேட்கட்டும். வேறொரு பேங்கில் தன் பெயரில் கரண்ட் அக்கவுண்ட் தொடங்கி, அடுத்த லோடுக்கு முன் அந்த எண்ணைக் கம்பெனிக்கு எழுத்தில் கொடுக்கட்டும். அவர் இழுத்தடித்தால், கம்பெனிக்கு நீங்களே எழுதி உங்கள் கணக்கு எண்ணை நீக்கச் சொல்லுங்கள்.