சின்ன கிடார் என்றால் எது சின்னதாக இருக்க வேண்டும்?

கேள்வி: இரண்டு வருடமாக ஒரு பெரிய ட்ரெட்நாட் கிடாரில் பழகி வருகிறேன். பிக் பிடிப்பதில்லை, விரலால்தான் வாசிப்பேன். பெரும்பாலும் பழைய சினிமாப் பாட்டுகள். அரை மணி நேரத்தில் வலது தோள்பட்டை வலிக்க ஆரம்பித்துவிடுகிறது. உடல் சின்னதாகவும் தரம் கூடியதாகவும் ஒன்று வாங்க 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கடையில் முக்கால் சைஸ் எடுக்கச் சொல்கிறார்கள். மகனோ, வாங்கினால் பிளைவுட்டே இல்லாத முழு மரக் கிடாராக வாங்கு என்கிறான். எனக்கு வயது 47, விரல்கள் கொஞ்சம் குட்டை. எதை வாங்கலாம்? – ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: முக்கால் சைஸை முதலில் மறந்துவிடுங்கள். அது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் ரயிலில் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கும் சரி. ஆங்கிலப் பாடகர் எட் ஷீரன் குட்டி மார்ட்டின் கிடாரை வைத்துக்கொண்டு ஸ்டேடியங்களையே நிரப்பினாரே என்று கேட்பீர்கள். அங்கே சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. உங்கள் வீட்டுக் கூடத்தில் கிடாரின் வயிற்றிலிருந்துதான் வர வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது பெரியவர்களுக்கான சின்ன உடல் கிடார். அது ஏதோ குறைத்துச் செய்த சரக்கு இல்லை. ஒரு காலத்தில் கிடார் என்றாலே அந்த அளவுதான். 1916-இல் அமெரிக்காவின் மார்ட்டின் கிடார் கம்பெனி பாஸ்டனில் இருந்த டிட்சன் என்ற இசைக்கருவி வியாபாரிக்காகச் செய்து கொடுத்த பெரிய கிடாருக்குத்தான், பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றின் பெயரான ட்ரெட்நாட் என்பதை வைத்தார்கள். பெயரே சொல்கிறது பாருங்கள். 1931-இல்தான் மார்ட்டின் அதைத் தன் பெயரிலேயே விற்க ஆரம்பித்தது. பிறகு அதுவே ஊரெங்கும் சாதாரண சைஸ் ஆகி, பழைய சாதாரண சைஸ் சின்னது ஆகிவிட்டது.

அந்தப் பழைய அளவுகளுக்கு மார்ட்டின் வைத்த பெயர்கள் 0, 00, 000. பூஜ்யம் கூடக் கூட உடல் பெரிதாகும். கீழ்ப்பக்கம் அகலமான இடத்தில் 0 பதின்மூன்றரை அங்குலம், 00 பதினான்குக்குச் சற்று மேல், 000 பதினைந்து. ட்ரெட்நாட்டோ பதினைந்தே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியென்றால் 000-க்கும் ட்ரெட்நாட்டுக்கும் முக்கால் அங்குலம்கூட வித்தியாசம் இல்லையே, இதற்கா தோள் வலிக்கிறது?

கிடாரைக் கிடையாகப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். அடிப்பக்கத் தடிமன் ட்ரெட்நாட்டில் ஏறக்குறைய 4.9 அங்குலம், 000-இல் 4.1 அங்குலம். உங்கள் முழங்கை அந்தத் தடிமன் மேல்தான் ஏறி இறங்குகிறது. தோளைத் தூக்கவைப்பது அதுதான். அப்புறம் இடுப்பு. ட்ரெட்நாட்டுக்கு இடுப்பே கிடையாது, மூட்டை மாதிரி. 000-க்கு ஒடுங்கிய இடுப்பு, தொடையில் அப்படியே பதிந்து உட்காரும். ஆகவே கடையில் அகலத்தைக் கேட்காதீர்கள், தடிமனைக் கேளுங்கள்.

உடலை அடுத்து ஸ்கேல் நீளம். கழுத்தின் உச்சியில் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து, உடலின் மேல் அவற்றைத் தாங்கும் சேடில் வரை கம்பி அதிர்கிற தூரம் அது. ட்ரெட்நாட்டில் வழக்கமாக 645 மி.மீ., மார்ட்டின் 000 பலவற்றில் 632. பதின்மூன்று மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகள் கொஞ்சம் நெருங்கி வரும், கம்பியின் விறைப்பும் குறையும். ஆள்காட்டி விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்த வேண்டிய F கோர்டு பிடிக்கும்போது அது தெரியும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. OM என்று எழுதியிருக்கும் கிடார் பார்க்க அச்சு அசல் 000 மாதிரியே இருக்கும். உடல் அதேதான், ஸ்கேல் மட்டும் 645. குட்டை விரல்காரர்கள் பெயரைப் பார்த்து வாங்காமல் டேப் வைத்து அளந்து வாங்குவது நல்லது.

நட் அகலத்தில் என் கருத்து கடைக்காரர்கள் சொல்வதற்கு நேர் எதிர். விரல் குட்டை என்றால் ஒடுக்கமான கழுத்து என்பார்கள். நீங்கள் விரலால் வாசிக்கிறவர். கம்பிகளுக்கு நடுவே விரல் நுழைய இடம் வேண்டும். 43 மி.மீ. நட் பெரும்பாலானவர்களுக்குப் போதும், 44.5 கிடைத்தால் அதையும் ஐந்து நிமிடம் வாசித்துப் பாருங்கள். கை பிடித்துவிட்டால் திரும்ப ஒடுக்கத்துக்கு வரமாட்டீர்கள்.

இனி மரம். உங்கள் மகன் சொல்வது பாதி சரி. சத்தத்தை உண்டாக்குவது மேல்பலகைதான். அது ஒரே மரத்தை அறுத்துச் செய்ததாக இருக்கட்டும், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒலித்துளையின் விளிம்பை மொபைல் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். மேலே ஓடுகிற ரேகைகள் அப்படியே விளிம்பில் வளைந்து கீழே இறங்கினால் முழுப் பலகை. சாண்ட்விச் போல அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட்.

ஆனால் முதுகும் பக்கங்களும் முழு மரமாக இருக்க வேண்டும் என்று தூத்துக்குடியில் இருந்துகொண்டு அடம்பிடிக்க வேண்டியதில்லை. இந்தக் கிடார்கள் பொதுவாக 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தை மனதில் வைத்துச் செய்யப்படுபவை. கடலோரக் காற்று அந்தக் கணக்குக்கு அடங்காது. என்னிடம் முழு மரக் கிடார் ஒன்று இருந்தது. ஒரு ஐப்பசி மழையில் உறையில் போடாமல் சுவரில் மாட்டி வைத்துவிட்டேன். மூன்றாவது வாரம் எடுத்துப் பார்த்தால் உடலின் மேல் கம்பிகளைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை அப்பளம் மாதிரி உப்பியிருந்தது, கம்பிகள் ஃப்ரெட்டை விட்டு எழும்பி நின்றன. தப்பு என்னுடையது. லேமினேட் செய்த, அதாவது பிளைவுட் போல அடுக்கி ஒட்டிய முதுகு இந்த ஏற்ற இறக்கத்தை நன்றாகத் தாங்கும். மேலே முழுப் பலகை, மற்ற இடங்களில் லேமினேட் என்பதுதான் உங்கள் ஊருக்கும் பட்ஜெட்டுக்கும் பொருத்தம்.

முதுகு இந்தியன் ரோஸ்வுட் என்று ஒரு கூடுதல் விலை சொல்வார்கள். அது வேறு எதுவும் இல்லை, நீலகிரியிலும் வயநாட்டிலும் வளரும் நம்ம ஈட்டி. பிரேசில் மரம் கிடைப்பது கஷ்டமானதும் 1969-இல் மார்ட்டினே இதற்கு மாறியது. ஆனால் லேமினேட்டில் ஈட்டி என்றால் மேலே ஒட்டிய மெல்லிய ஏடு மட்டும்தான். அழகுக்கு வேண்டுமானால் கொடுங்கள், சத்தத்துக்காகக் கொடுக்காதீர்கள்.

சரி, எந்த மாடல்? உங்கள் பணத்துக்கு நான் முதலில் எடுத்துப் பார்க்கச் சொல்வது யமஹா FS800. முழு ஸ்ப்ரூஸ் மேல்பலகை, 634 மி.மீ. ஸ்கேல், 43 மி.மீ. நட், அடிப்பக்கத் தடிமன் 110 மி.மீ. அதே கம்பெனியின் பெரிய உடல் FG800-இல் அது 118. இன்னும் சின்னது வேண்டுமென்றால் CSF1M இருக்கிறது. 600 மி.மீ. ஸ்கேல், குரலும் கொஞ்சம் குட்டிக் குரல்தான். டெய்லர் GS மினி நல்ல கிடார், ஆனால் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும். முழுக்க மஹோகனியில் செய்த மார்ட்டின் 000-15M லட்சத்தைத் தாண்டும். மகனுக்கு முதல் சம்பளம் வரட்டும். ஸ்பீக்கரில் இணைப்பதற்கான பிக்கப், கழுத்தோரம் உடலை வெட்டிய வெட்டுத்தோள், முத்துச்சிப்பி அலங்காரம் எதற்கும் இப்போது காசு போட வேண்டாம்.

மிச்சம் பிடிக்கும் பணத்தில் ஐந்தாயிரத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், செட்டப்புக்கு, அதாவது கம்பி உயரத்தையும் மற்றதையும் கைக்கேற்பச் சரிசெய்வதற்கு. புதுக் கிடாரில் கம்பி பெரும்பாலும் உயரமாகவே இருக்கும். 12-ஆவது ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து தடித்த கம்பியின் அடிவரை ஸ்டீல் ஸ்கேலால் அளந்தால் ஏறக்குறைய 2.4 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 1.8 இருந்தால் விரலுக்குச் சுகம். 3-க்கு மேல் இருந்தால் சேடிலைத் தேய்த்து இறக்க வேண்டும். அதற்கு சேடில் பிரிட்ஜுக்கு மேலே போதிய உயரம் துருத்திக்கொண்டிருக்க வேண்டும். ஏற்கெனவே தேய்ந்து பிரிட்ஜோடு பிரிட்ஜாக இருந்தும் கம்பி உயரமாக நின்றால் கழுத்தின் கோணமே தப்பு. அந்தக் கிடாரைக் கீழே வைத்துவிடுங்கள், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள், நுழையக் கூடாது. கழுத்தின் ஓரமாக உள்ளங்கையை இழுத்தால் ஃப்ரெட் முனைகள் கீறக் கூடாது. வாங்கிய பிறகு பிளாஸ்டிக் சேடிலை எலும்புக்கு மாற்றி, கம்பித் தடிமனை 12-ஆம் எண்ணிலிருந்து இன்னும் மெல்லிய 11-க்கு இறக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை இழப்பீர்கள். ட்ரெட்நாட்டின் அந்த வயிறதிரும் பாஸ் இதில் வராது. வேகமாக ஸ்ட்ரம் செய்தால் திணறும். ஆனால் கட்டைவிரல் பாஸும் மற்ற விரல்களில் மெட்டுமாக வாசிக்கும்போது, மெட்டு அமுங்காமல் மேலே வரும். 1992-இல் ஆங்கிலக் கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் எம்டிவியின் அன்பிளக்டு நிகழ்ச்சிக்கு எடுத்துப் போனதும் 1939-இல் செய்த ஒரு 000-42-தான்.

உங்கள் ஊரில் இரண்டு மூன்று மாடல்களை ஒரே இடத்தில் வைத்து வாசிக்கக் கிடைக்கவில்லையென்றால் மதுரைக்கு ஒரு நாள் போய் வாருங்கள். வலி அரை மணி நேரத்தில் வருகிறது என்கிறீர்கள், ஆகவே கடையிலும் அரை மணி நேரம் உட்கார்ந்து வாசியுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். கைப்பிடி இல்லாத ஸ்டூலாகக் கேட்டு வாங்கி உட்காருங்கள். கைப்பிடி நாற்காலியில் எந்தக் கிடாரும் தோளைத் தூக்கத்தான் வைக்கும்.